சாவுக்கு முந்திய அழுகை

சாவு வீட்டில் அழுவதற்கு முறை உண்டு. சாகப்போகிறவர் கண்ணெதிரே நடமாடும்போது எப்படி அழுவது? பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலாசிரியர்கள் இந்தக் கேள்வியில் மாறி மாறிக் கைவைத்தார்கள்.

ஆங்கில மரபு தாராளமாக அழும். டிக்கன்ஸின் 'பழம்பொருள் கடை' 1840-41இல் வாரத் தொடராக வந்தது. சிறுமி நெல் வாரம் வாரம் வாடுவதைப் பார்த்த வாசகர்கள், அவளைக் கொன்றுவிடாதீர்கள் என்று கடிதம் எழுதினார்கள். எழுதியவருக்கும் ஆறாத துக்கம் ஒன்று இருந்தது. 1837இல் மைத்துனி மேரி ஹோகார்த் 17 வயதில் அவர் வீட்டிலேயே இறந்திருந்தாள். பின்னாளில் நெல்லின் சாவைக் கேலி செய்தவர்கள் பலர். ஆனால் உயிர் பிரியும் கணத்தை டிக்கன்ஸ் நேரில் காட்டவே இல்லை. பேத்தி தூங்குகிறாள் என்றே கிழவர் சாதிக்கிறார். கேலி செய்தவர்கள் அந்த இடத்தை நிதானமாகப் படிக்கவில்லை என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் ஆல்காட்டின் நாவலில் (1869) நோயில் வாடும் பெத், தையல் ஊசி கனக்கிறது என்று கீழே வைக்கிறாள். அது போதும்.

டால்ஸ்டாயிடம் ஈரம் வற்றிவிடுகிறது. 'இவான் இலியிச்சின் மரணம்' (1886) சாவுச் செய்தியில்தான் தொடங்குகிறது; கேட்டதும் சக அதிகாரிகளின் மனம் காலியான பதவிக்குப் போகிறது. நோயாளியைச் சுற்றி எல்லோரும் 'குணமாகிவிடும்' என்று நடிக்க, வேலையாள் கெராசிம் மட்டும் நடிக்காமல் அவர் கால்களைத் தோளில் தாங்கி உட்கார்ந்திருக்கிறான்.

எனக்கு உரைகல் துர்கனேவின் 'தந்தையரும் தனயரும்' (1862). டைஃபஸில் இறந்த குடியானவனின் உடலை அறுத்தபோது இளம் மருத்துவன் பஸாரவ் விரலைக் கீறிக்கொள்கிறான். காயத்தைச் சுட்டுவிட மருந்துண்டா என்று அப்பாவிடம் கேட்பதற்குள் நான்கு மணி நேரம் போய்விட்டது. அப்பா பழைய ராணுவ மருத்துவர். நேரம் கடந்துவிட்ட கணக்கு அவருக்கும் புரிகிறது. காய்ச்சல் வந்ததும் மகன் 'சளி' என்கிறான்; அவரும் சளி என்றே ஒப்புக்கொள்கிறார். மனைவியிடம் வாய் திறப்பதில்லை. கடைசியில் மகனே சட்டைக் கையை விலக்கிச் சிவப்புப் புள்ளிகளைக் காட்டும்போதும், குணப்படுத்திவிடலாம் என்று கிழவர் மன்றாடுகிறார். வைத்தியம் படித்த இரண்டு பேர், ஒரே நோயை அறிந்தபடி, ஒருவரிடமிருந்து ஒருவர் மறைக்கிறார்கள். அவன் கண்மூடிய பிறகுதான் அவருக்குக் குரல் எழுகிறது, கடவுளுக்கு எதிராக.