ஓர் ஏரியும் மூன்று நாற்காலிகளும்

சில படங்களின் கடைசிக் காட்சி தியேட்டரோடு முடிவதில்லை. 2009 டிசம்பரில் வந்த ராஜ்குமார் ஹிரானியின் ‘த்ரீ இடியட்ஸ்’ அப்படி ஒரு படம். 2012-ல் ஷங்கர் ‘நண்பன்’ என்று தமிழில் எடுத்தாரே, அதன் மூலம். இந்தியே தெரியாதவர்களுக்கும் அந்தக் கடைசிக் காட்சி தெரிந்திருக்கும். நீல ஏரி, மொட்டை மலைகள், மஞ்சள் ஸ்கூட்டர், கல்யாண உடையில் கரீனா கபூர். ஒளிப்பதிவாளர் சி.கே.முரளிதரன் அந்த நீலத்தைக் கண்ணுக்குள்ளேயே ஊற்றிவிட்டார்.

அந்த ஏரி லடாக்கில் இருக்கும் பாங்காங். அதை அந்தப் படம் என்ன செய்தது என்பதுதான் இந்த வாரம்.

லடாக் போகிறவர்களின் பட்டியலில் ‘பாங்காங், ஒன் டே டிரிப்’ கட்டாயம் இருக்கும். லே நகரத்திலிருந்து விடியற்காலையில் டாக்ஸி. சாங் லா கணவாய் வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர் மலைப்பாதை. போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். நடுவே ஏரிக்கரையில் ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி. அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள்? படம் வந்த சில வருஷங்களிலேயே கரையில் மூன்று நாற்காலிகள் முளைத்தன. போஸ்டரில் மூன்று கதாநாயகர்களும் உட்கார்ந்திருப்பார்களே, மனிதப் பின்புற வடிவில், அதே நாற்காலிகள். மஞ்சள் ஸ்கூட்டரும் வந்தது. கல்யாண உடைகூட வாடகைக்கு வந்தது. க்யூவில் நின்று, உட்கார்ந்து, க்ளிக். அடுத்தவர் வாங்க.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. படம் எதைக் கிண்டல் செய்தது? மனப்பாடத்தை. சதுர் என்ற மாணவன் அர்த்தமே தெரியாமல் இந்தியில் உருப்போட்டு மேடையில் பேசி அவமானப்படுவான். (முழுப் பெயர் சதுர் ராமலிங்கம். பாண்டிச்சேரியில் படித்தவனாம். உருப்போடுகிறவன் என்றால் நம்ம பக்கத்து ஆள்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். போகட்டும்.) ‘புரிந்துகொண்டு படி, கூட்டத்தோடு ஓடாதே’ என்று இரண்டே முக்கால் மணி நேரம் சொன்ன படத்தின் ரசிகர்கள், 14,000 அடி ஏறிப்போய் அதே படத்தின் கடைசிக் காட்சியை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். சதுர் தோற்றான் என்று யார் சொன்னது?

ரசிகர்கள் செய்ததற்கு டைரக்டர் என்ன செய்வார் என்பீர்கள். பாதி சரி. மீதிப் பாதி படத்திலேயே இருக்கிறது.

முதலில், தூரம். படத்தில் ராஞ்சோ நடத்தும் பள்ளி ஏரிக்குப் பக்கத்து வீடு மாதிரி தெரியும். நிஜத்தில் அந்தப் பள்ளி லே-க்கு அருகே ஷே கிராமத்தில் இருக்கிறது. ஏரிக்கு நடுவே 17,000 அடிக்கு மேல் ஒரு கணவாயைத் தாண்டவேண்டும். இது சினிமாவில் குற்றமில்லை. மெரினாவில் வசனம் பேசி ஸ்விட்சர்லாந்தில் பாடுவது நமக்குப் பழக்கம்தான். ஆனால், வெட்டி ஒட்டிய அந்தத் தூரத்தை நீங்கள் நுரையீரலால் கடக்கவேண்டும். விமானத்தில் லே வந்து இறங்கி, மறுநாளே பாங்காங் கிளம்புகிறவர்கள் உண்டு. சாங் லா உச்சியில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். தலைவலி, வாந்தியோடு போனால் அதிர்ஷ்டம். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. லே-யில் குறைந்தது இரண்டு நாளாவது ஓய்வெடுக்கச் சொல்வது டாக்டர்களின் பயமுறுத்தல் அல்ல.

அடுத்தது, ஆட்கள். அந்தக் கடைசிக் காட்சியில் ஏரி சும்மா காலியாகக் கிடக்கிறது, நம் நண்பர்கள் கட்டிக்கொள்வதற்காகவே படைக்கப்பட்டது போல. நிஜத்தில் லுகுங், ஸ்பாங்மிக், மான், மெராக் என்று கரையோரம் கிராமங்கள் இருக்கின்றன. ஆடு மேய்க்கும் சாங்பா மக்கள் அந்தப் பீடபூமியில் இருக்கிறார்கள். நம் கடைகளில் பஷ்மினா என்று கொள்ளை விலை சொல்கிறார்களே, அந்தக் கம்பளி அவர்கள் ஆட்டின் முதுகிலிருந்து வருவது. ஏரியின் நீளம் சுமார் 134 கிலோமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குதான் நம் கையில், மிச்சம் சீனாவின் பிடியில். 1962-ல் வடகரையில் சிரிஜாப் என்ற இடத்தில் நடந்த சண்டைக்காக மேஜர் தன் சிங் தாபாவுக்கு பரம்வீர் சக்ரா கிடைத்தது. 2020-ல் அதே வடகரையில் ‘ஃபிங்கர் 4, ஃபிங்கர் 8’ என்று மலை முகடுகளுக்கு நம்பர் போட்டு இரண்டு ராணுவங்கள் முறைத்துக்கொண்டு நின்றன. 2021 பிப்ரவரியில்தான் அங்கிருந்து பின்வாங்கின. ஒரு காட்சியில் இத்தனையும் சொல்லமுடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே மனிதர்கள் வசிக்கிறார்கள் என்பதற்கு ஒரே ஒரு ஷாட்? லடாக்கின் பிள்ளைகளைப் பள்ளியில் காட்டிய படம், அவர்களுடைய அப்பா அம்மாவை மறந்துவிட்டது.

காலியாகக் காட்டிய இடத்தைக் காலி இடமாகவே நடத்துகிறோம். 2022 ஏப்ரலில் சிலர் காரை ஏரித் தண்ணீருக்குள்ளேயே ஓட்டி வீடியோ எடுத்துப் போட்டார்கள். அந்த ஷே பள்ளியின் கதை இன்னும் கொடுமை. சதுர் ஒதுங்கப்போய் ஷாக் வாங்குவானே, அந்தச் சுவருக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்கக் கூட்டம் கூடியது. பிள்ளைகள் படிக்க முடியவில்லை என்று 2018-ல் பள்ளி நிர்வாகம் அந்தச் சுவரையே அப்புறப்படுத்த முடிவு செய்தது. கல்வியைப் பற்றிய படத்தைக் கொண்டாட வந்தவர்களால் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கவில்லை!

நாற்காலி போட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வருஷத்தில் சில மாதங்கள்தான் அவர்களுக்கு சீஸன். கேட்பதைத்தானே விற்கமுடியும்? கேட்கிறவர் நாம்.

போகாதீர்கள் என்று சொல்லவில்லை. ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி போங்கள், லே-யில் உடம்பைப் பழக்கிக்கொண்டு. டே டிரிப் வண்டிகள் மத்தியானம் திரும்பியபின் கரையில் சும்மா உட்காருங்கள். வெயில் சாயச் சாய நீலம் பச்சையாகி, சாம்பலாகி, மலையின் காவி வண்ணம் தண்ணீரில் இறங்கும். முரளிதரன் கேமராவுக்கும் சிக்காத நிறங்கள் கிடைக்கும். வரித்தலை வாத்துகள் தென்படலாம். இமயமலையைத் தாண்டிப் பறக்கும் இந்த ஜாதியைக் குளிர்காலத்தில் நம் திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்திலும் பார்க்கலாம்.

இன்னொன்று. இந்த ஏரிக்கு வரும் நீர் வெளியேற வழி கிடையாது. ஆவியாகித்தான் போகவேண்டும். அதனால் தண்ணீர் கரிக்கும். கரித்தாலும் குளிர்காலத்தில் கல்லாக உறையும். 2023 பிப்ரவரியில் அதன்மேல் 21 கிலோமீட்டர் ஓட்டப்பந்தயமே நடத்தினார்கள்.

அடுத்த தடவை மச்சினரோ ஆபீஸ் நண்பரோ பாங்காங் போட்டோ காட்டினால், ‘தண்ணி எப்படி இருந்துச்சு?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘செம ப்ளூ சார்’ என்றால் படம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ‘லேசா உப்பு’ என்றால் ஏரியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.