குரலும் நிறமும்: கல்கி கோச்லினின் நடிப்பும் தமிழ்த்திரையின் தயக்கமும்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்த குயிலாப்பாளையம், 1968 பிப்ரவரி 28இல் தொடங்கப்பெற்ற ஆரோவில்லை ஒட்டிய சிற்றூர். வெள்ளைத் தோலுடைய ஒருவர் கடையில் நின்று தமிழில் விலை கேட்பது அவ்வூரார்க்குப் புதுமையன்று. எனினும் இந்த அன்றாடக் காட்சி தமிழ்த்திரைக்கு எட்டாததாகவே இருந்துவருகிறது. 1984இல் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பெற்றோர்க்குப் பிறந்து, ஆரோவில்லிலும் பின்னர் உதகமண்டலத்தை அடுத்த கல்லட்டியிலும் வளர்ந்து, தமிழையும் இளமையிலேயே பேசிப் பழகிய கல்கி கோச்லினின் திரைவாழ்வு, இவ்விடைவெளியை ஆராய்வதற்குரிய தக்க சான்றாகும்.

இலண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் நாடகம் பயின்ற அவர், அனுராக் காஷ்யப்பின் 'தேவ்.டி' (2009) வழியாக இந்தித்திரையில் அறிமுகமானார். அப்படம் சிறந்த துணைநடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருதைப் பெற்றுத் தந்தது. தொடர்ந்து அமைந்த வேடங்களை வரிசையாக நோக்கினால், நிறம் அவருக்கு வாயிலாகவும் வேலியாகவும் இருந்தமை புலப்படும். காஷ்யப்புடன் இணைந்து அவர் எழுதிய 'தட் கேர்ள் இன் யெல்லோ பூட்ஸ்' படத்தின் நாயகி, தந்தையைத் தேடி மும்பைக்கு வந்த பிரித்தானியப் பெண். 'சேக்ரட் கேம்ஸ்' தொடரின் இரண்டாம் பருவத்தில் (2019) அவர் ஏற்றது குருஜியின் சீடரான பாத்யா என்னும் அயல்நாட்டவர் வேடம். அதே ஆண்டு வெளிவந்த 'மேட் இன் ஹெவன்' தொடரின் ஃபைசா, இவ்வேலியைத் தாண்டிய பாத்திரம். தில்லி மேல்தட்டைச் சேர்ந்த அப்பெண்ணின் பிறப்பு குறித்த விளக்கம் எதையும் அத்தொடர் பார்வையாளரிடம் கோருவதில்லை.

அனு மேனனின் 'வெயிட்டிங்' படத்தில் ஒரு நகைமுரண் உண்டு. கணவர் நினைவிழந்து கிடக்கும் கொச்சி மருத்துவமனையில், சுற்றிலும் பேசப்படும் மொழி விளங்காமல் தவிக்கும் தாராவாக அவர் நடித்தார். மலையாளத்துக்கு மிக நெருங்கிய தமிழைப் பேசி வளர்ந்தவர் தென்னாட்டு மொழியறியாதவராக நடிப்பதில் பிழையேதுமில்லை. அது நடிப்பின் இயல்பு. ஆயின் தென்னகத்தோடு அவருக்குள்ள உறவை இந்தித்திரை பெரும்பாலும் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதும் உண்மை.

அவருடைய நடிப்பின் உச்சமாகச் சொல்லத்தக்கது ஷோனாலி போஸின் 'மார்கரிட்டா வித் எ ஸ்ட்ரா' (2014). பெருமூளை வாதமுடைய லைலாவாக, தடுமாறும் உச்சரிப்பையும் கட்டுக்குள் நில்லாத உடலசைவையும் இரக்கம் வேண்டாத முறையில் அவர் வெளிப்படுத்தினார். 62ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருது இதற்காக அவருக்கு வழங்கப்பெற்றது. லைலாவின் பேச்சு பார்வையாளரைக் காத்திருந்து கேட்கச் செய்கிறது. படத்தின் ஆற்றல் அந்தக் காத்திருப்பில்தான் உள்ளது. வேறொருவர் குரலை ஒட்டியிருந்தால் இப்பாத்திரம் உயிர்பெற்றிராது.

குரலை இவ்வாறு நடிப்பின் உயிராகக் கொண்ட ஒருவரைத் தமிழ்த்திரை எவ்வாறு ஏற்றது? இந்தி அறிமுகத்திற்குப் பத்தாண்டுகள் கழித்து, 'நேர்கொண்ட பார்வை' (2019) படத்தின் ஒரு பாடற்காட்சியில்தான் அவர் முதலில் தோன்றினார். அடுத்த ஆண்டு நெட்ஃபிளிக்சில் வெளியான 'பாவக் கதைகள்' தொகுப்பில், விக்னேஷ் சிவன் இயக்கிய 'லவ் பண்ணா உட்ரனும்' பகுதியில் பெனலொப்பி என்னும் தோழியாக வந்தார். ஆணவக்கொலையைப் பேசும் அக்கதையில் பெண்ணுக்குப் பெண்மீது தோன்றும் காதல், தந்தையிடம் சொல்லப்படும் ஒரு சாக்காகச் சுருங்கிவிடுகிறது. லைலாவும் கானுமும் கொண்ட காதலை அத்தனை நுட்பமாக நடித்துக் காட்டியவரே இங்கும் நடிக்கிறார் என்பதை நினைக்கும்போது, குறை நடிப்பில் இல்லை, எழுத்தில்தான் என்பது தெளிவாகும்.

இவ்விடத்தில் எமி ஜாக்சனை ஒப்பிடுவது பயன்தரும். 2009இல் மிஸ் டீன் வேர்ல்ட் பட்டம் வென்ற விளம்பர அழகியான அவர், 'மதராசபட்டின'த்தில் (2010) ஆங்கிலேயப் பெண்ணாக அறிமுகமானார். அது கதைக்குப் பொருந்திய தேர்வு. பின்னர் ஷங்கரின் 'ஐ' (2015) அவரைத் தமிழ் பேசும் விளம்பர அழகி தியாவாக்கியது; உடல் அவருடையது, தமிழ் இரவல் குரலினுடையது. '2.0' (2018) படத்தில் நிலா என்னும் இயந்திரப் பெண்ணாகவே அவர் வந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் முந்தைய வேடங்களின் தருக்கமுடிவாகவும் அதைக் கொள்ளலாம். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'சூப்பர்கேர்ள்' அவரைச் சொந்தக் குரலில் பேசவைத்தது. இது எமி ஜாக்சன் மீதான குற்றச்சாட்டன்று. தமிழறியா வெள்ளை உடலுக்குத் தமிழ்க்குரல் தேடித்தர முன்வந்த ஒரு தொழில், தமிழறிந்த வெள்ளைப் பெண்ணிடம் பாடற்காட்சியையும் தோழி வேடத்தையுமே முதலில் நீட்டியது. ஆகவே தடையாக இருந்தது மொழி என்று வாதிட இயலாது. அந்த முகத்திலிருந்து வரும் தமிழை நம்பத்தக்கதாகக் கருதாத மனப்பாங்கே தடை.

2025 பொங்கலையொட்டி வெளிவந்த விஷ்ணுவர்தனின் 'நேசிப்பாயா' ஓரடி முன்னே வைத்தது. அதில் கல்கி இந்திராணி என்னும் வழக்கறிஞர். பெயர் இந்தியப் பெயர். தொழில் பேச்சையே கருவியாகக் கொண்டது. ஆனால் வழக்கு நிகழும் களம் போர்ச்சுகல். அதே இந்திராணி திண்டிவனம் நீதிமன்றத்தில் வாதாடுவதாக எவரும் இன்னும் கதை எழுதவில்லை.