மறுப்பும் மாற்றும்: அயோத்திதாசப் பண்டிதர் எழுத்து - ஒரு திறனாய்வு

தோற்றுவாய்

சுரங்கத்துக்குப் புறப்படுபவரை 'எங்கே போகிறாய்?' என்று கேட்கலாகாது. கேட்டால் போன காரியம் விளங்காது. கோலார் தங்கவயலின் லைன் வீடுகளில் வளர்ந்த எம்மனோர்க்கு இவ்விலக்கு தாய்ப்பாலோடு ஊட்டப்பெற்றது. நிலத்தின்கீழ் மூவாயிரம் மீட்டருக்கும் அப்பால் இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், பாறை எப்பொழுது வெடிக்கும் என்பதை எவர் அறிவார்? ஆபத்தும் அறியாமையும் கூடுமிடத்தில் அச்சம் குடிபுகும். அச்சம் குடிபுகுந்த இடத்தில் நம்பிக்கை காவல் நிற்கும். ஆதலின் நம் பாட்டிமாரை எள்ளி நகையாடுதல் எளிது, நேரியது அன்று. சங்கு ஊதிய பின்னும் வீடு திரும்பாத கணவனுக்காக வாயிற்படியில் நின்றவளுக்குச் செய்யக் கூடியதாய் இருந்தது அவ்வொன்றே.

ஆயினும், அதே தங்கவயலில்தான் 'ஏன்?' என்று கேட்கும் எழுத்தும் வேரூன்றியது. பண்டிதர் க. அயோத்திதாசரின் (1845-1914) எழுத்தே அது. தவறான நம்பிக்கையை அவர் எங்ஙனம் மறுத்தார், அதன் இடத்தில் எதனை வைத்தார், வைத்தது தேறுமா என்னும் மூன்று வினாக்களை ஈண்டு ஆராய்வோம்.

பண்டிதரும் தங்கவயலும்

சித்த மருத்துவராகிய பண்டிதர், 1898-ல் இலங்கை சென்று பௌத்தம் தழுவி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 சூன் 19-ல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டில் அது 'தமிழன்' ஆயிற்று. சங்கத்தின் கிளைகளுள் மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃப்சும் தலையாயவை. வடார்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர், தம் கூலியில் மிச்சம் பிடித்துப் பண்டிதரின் கருத்துகளைப் பேணினர். அவர் மறைந்த பின்னர் மாரிக்குப்பத்துச் சித்தார்த்த புத்தகசாலை அவர்தம் நூல்களைச் சிறு சிறு பதிப்புகளாக வெளியிட்டது. 1920-களின் பிற்பகுதியில் 'தமிழன்' இதழே தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது. பகலில் பாறை குடைந்த கைகள் இரவில் ஏடு புரட்டின என்பது நாம் பெருமிதத்தோடு நினைக்கத்தக்க செய்தியாகும்.

மறுப்பின் முறை

மறுப்போர் பலர் 'இது பொய்' என்று கூறி அகல்வர். பண்டிதரோ அங்கே நிற்பதில்லை. பொய்யை அகற்றிய வெற்றிடத்தில் வேறொன்றை வைத்த பின்னரே அவர் எழுதுகோல் ஓயும்.

தீபாவளியை எடுத்துக்கொள்வோம். நரகாசுரன் கதையை மறுக்கும் அவர், பண்டிகையைக் கைவிடச் சொல்லவில்லை. எள்ளிலிருந்து எண்ணெய் எடுக்கும் முறையைப் பௌத்தர்கள் கண்டறிந்தனர். அதன் பயனை உணர்ந்த மக்கள் எண்ணெய் தேய்த்துத் தீபவதி என்னும் ஆற்றில் முழுகினர். அந்நாளே தீபாவளி என்கிறார். கொலையைக் கொண்டாடும் நாள் கண்டுபிடிப்பைக் கொண்டாடும் நாளாக மாறிவிடுகிறது. அவ்வாறே, வைசூரி கண்ட வீட்டார் நடுங்கி வணங்கிய அம்மனை, வேப்பிலையின் குணமறிந்து நோயாளர்க்குத் தொண்டு செய்த பௌத்த அறவாட்டியாகக் காட்டுகிறார். சினந்து தண்டிப்பவள் இரங்கி மருந்தளிப்பவள் ஆகிறாள்.

இம்முறையின் நுட்பம் யாது? நம்பிக்கையைப் பறித்தால் மனிதன் வெறுமையில் தவிப்பான். பழைய பழக்கத்தை விடாமலே அதன் பொருளை மாற்றினால் அவன் அச்சம் நீங்கி நிற்பான் என்பதைப் பண்டிதர் உணர்ந்திருந்தார். மருத்துவர் அல்லரோ! பத்தியத்தையும் மருந்தையும் சேர்த்தே சொன்னார்.

சான்றின் முன்னிலையில்

எனினும், திறனாய்வாளன் கைகூப்பி நின்றுவிடலாகாது. பண்டிதர் வைத்த மாற்றுகளையும் அவர் வைத்த அதே உரைகல்லில் உரசிப் பார்த்தல் வேண்டும்.

ஐம்பொறிகளை வென்ற புத்தரை இந்திரர் என்றனர். அவர்தம் நாடு இந்திரர் தேசம். அதுவே இந்தியா எனத் திரிந்தது என்பது அவர் கூற்று. சொல்லாராய்ச்சியோ சிந்து என்னும் ஆற்றுப் பெயர் பாரசீகர், கிரேக்கர் நாவில் திரிந்து இந்தியா ஆயிற்று என ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது. எள்ளின் செய்தியும் அத்தகையதே. சிந்துவெளியின் அரப்பாவில் எள் கிடைத்துள்ளது. அது புத்தர் பெருமானுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. வேப்பிலையும் வைசூரியை வென்றதில்லை. 1796-ல் எட்வர்ட் ஜென்னர் கண்ட அம்மைப்பாலும், அதனை ஊர் ஊராய்க் கொண்டு சென்ற ஊழியர் உழைப்புமே அந்நோயை ஒழித்தன. 1980-ல் உலகம் வைசூரியினின்று விடுபட்டதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

அங்ஙனமாயின் பண்டிதர் ஒரு நம்பிக்கையை எடுத்து மற்றொரு நம்பிக்கையைத் தந்தாரா? வரலாறு என்ற அளவில், ஆம் என்றே விடை கூற வேண்டும். அவர்பால் கொண்ட அன்பால் இதனை மறைப்போமாயின், அவர் கற்பித்த பாடத்தை நாமே மறந்தவராவோம். யார் சொன்னாலும் ஆராய்ந்தே கொள்க என்பதன்றோ புத்தர் காலாமருக்கும் வள்ளுவர் நமக்கும் உரைத்த நெறி?

பெரும் பொய்

ஆயினும், பண்டிதரின் இலக்கு எள்ளும் வேம்பும் அல்ல. 'நான் பிறப்பால் தாழ்ந்தவன்' என்னும் பெரும் பொய்யே. தீய சகுனம் ஒரு நாளைக் கெடுக்கும். இப்பொய் தலைமுறைகளைக் கெடுத்தது. இதன் எதிரே அவர் வைத்த மாற்று, 'நாம் பூர்வ பௌத்தர். சாதிபேதமற்ற திராவிடர்' என்பதாகும். ஒழுக்கத்தால் உயர்ந்தோரை யதார்த்த பிராமணர் என்றும், பிறப்பைக் காட்டி உயர்வு கோருவோரை வேஷப் பிராமணர் என்றும் அவர் பிரித்த பிரிவு, சொற்பிறப்பு ஆராய்ச்சியில் தோற்கினும் அறத்தின் மன்றில் வெல்லும்.

அமெரிக்க உளவியலறிஞர் ஆல்பர்ட் எல்லிஸ் 1950-களில் வகுத்த மருத்துவ முறையோடு இதனை ஒப்பிடலாம். நிகழ்ச்சியைக் காட்டிலும் அதனைப் பற்றி நாம் கொண்ட நம்பிக்கையே நம்மை வருத்துகிறது. அந்நம்பிக்கையை 'சான்று எங்கே?' என வினவி, அறிவுக்கு ஒத்த எண்ணத்தை அதனிடத்தில் அமர்த்துக என்றார் அவர். அடிமையாயிருந்து ஞானியான கிரேக்கர் எபிக்டெட்டசிடம் பெற்ற கடனையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் எல்லிஸ் ஓர் எச்சரிக்கையும் தந்தார்: மனிதன் தன் செயல்களை அளக்கலாம், தன்னையே முழுமையாக அளந்து உயர்வு, தாழ்வு என முத்திரையிடலாகாது. இவ்வளவுகோலால் நோக்கின், பண்டிதரின் குறை புலனாகும். 'என் முன்னோர் உயர்ந்தோர்; ஆதலின் நான் தாழ்ந்தவன் அல்லேன்' என்பதிலும் மதிப்பு முன்னோரிடமே தொங்குகிறது. முன்னோர் எவராயினும், நான் மனிதன். அது போதும் என்பதே நலமான எண்ணம்.

இங்கு ஒன்று மறவற்க. சாதி என்பது ஒடுக்கப்பட்டோர் மனத்தின் மயக்கம் மட்டுமன்று. கிணற்றிலும் பள்ளியிலும் நிலத்திலும் நிலவிய கொடுமை. எண்ணத்தைத் திருத்தினால் எல்லாம் திருந்தும் என்பதும் ஒரு மூடநம்பிக்கையே. பண்டிதர் இதனை அறிந்தவர். 1891-ல் திராவிட மகாசன சபையைக் கண்டு கல்விக்கும் உரிமைக்கும் விண்ணப்பம் எழுதிய கைதான் தீபாவளிக்குப் புதுப்பொருளும் எழுதியது.

முடிவுரை

2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. மாரிக்குப்பத்து நிலையத்தில் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளிடம் புதியதொரு பொய் குடியேறக் காண்கிறோம்: 'சுரங்கம் போயிற்று, நம் மதிப்பும் போயிற்று.' 'நாம் உலகுக்கே பொன் கொடுத்தவர்கள்' எனப் பழம்பெருமை பேசி இதனை மாற்ற முனைகின்றனர் பெரியோர். அது பண்டிதரின் மருந்தில் பாதி மட்டுமே. மறு பாதி, வினா.

பாறை வெடிப்பைச் சகுனமாகக் கொண்ட மண்ணிலேயே, 1988-ல் தேசிய பாறை இயந்திரவியல் நிறுவனம் தோன்றி, பாறையின் அதிர்வை அளந்து ஆராய்ந்தது. 'எங்கே போகிறாய்?' என்று கேட்கவும் அஞ்சிய வீடுகளிலிருந்து, 'ஏன் வெடிக்கிறது?' என்று கேட்கும் காலம் வரை நாம் நடந்து வந்துள்ளோம். பண்டிதரின் விடைகளுள் சில உதிரலாம், உதிரட்டும். அவர் நம் இல்லங்களில் விட்டுச் சென்ற வினாவை உதிரவிடாமல் காப்பதே அவர்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும். பிள்ளைகள் வேலைக்குப் புறப்படும்போது இனி நாம் தயங்காது கேட்போம்: 'எங்கே போகிறாய், கண்ணே?'