கூறைச் சேலை

யாழ்ப்பாணத்துச் சைவத் திருமணத்தில் மணமகள் முதலில் வேறொரு பட்டுடுத்தே மணவறைக்கு வருவாள். தாலியுடன் கூறைச் சேலையும் தட்டில் வைக்கப்பட்டுச் சபைக்குக் கொண்டுசெல்லப்படும். பெரியோர் தொட்டு ஆசி கூறுவர். பின்னர் மணமகன் கூறையை மணமகள் கையில் கொடுக்க, அவள் உள்ளே சென்று உடுத்தி வருவாள். அதன் பிறகே தாலி கட்டப்படும். சடங்கின் அழகே இந்த உடைமாற்றத்தில்தான் உள்ளது.

மயிலாடுதுறைக் கூறைநாட்டில் நெய்யப்பட்ட பழைய கூறைகளில் பட்டும் பருத்தியும் கலந்திருக்கும். உடல் முழுவதும் சிறு கட்டங்கள் ஓடும். இன்று கனத்த சரிகையிட்ட காஞ்சிபுரப் பட்டே பெரும்பாலும் கூறையாகிறது. பழைய கட்டத்தின் அடக்கம் அதில் இல்லை.

பெட்டியில் நெடுங்காலம் கிடக்கும் கூறை முதலில் மடிப்பில்தான் இற்றுப்போகும். பாட்டியின் கூறை வீட்டில் இருந்தால் அவ்வப்போது பிரித்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வையுங்கள்.