யோன் கிறிஸ்டென்சனின் சிம்பல்

டிரம்மர் என்றால் தாளத்தைத் தூக்கிப் பிடிப்பவர் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஆனால் ஓஸ்லோவில் 1943இல் பிறந்த ஜாஸ் டிரம்மர் யோன் கிறிஸ்டென்சன் தாளத்தை அடித்துச் சொல்ல மாட்டார். அதை நம் காதுக்கே விட்டுவிடுவார்.

கிட்டார் கலைஞர் ரால்ஃப் டவுனரின் ‘சால்ஸ்டிஸ்’ (1975) ஆல்பத்தில் முதல் பாட்டான ‘ஓஷியானஸ்’ஸைக் கேளுங்கள். பன்னிரண்டு கம்பி கிட்டார் சுழல, மேலே யான் கார்பாரெக்கின் சாக்ஸபோன் நீண்டு ஒலிக்கிறது. அடியில் கிறிஸ்டென்சனின் சிம்பல் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. குச்சியின் நுனி பட்ட ஒலி அடங்குமுன் அடுத்த அடி விழுகிறது. இரண்டும் கலந்து ஒரே இழையாகின்றன. அழுத்தம் மட்டும் எதிர்பாராத இடத்தில் விழும். அலை என்றுதான் அதைச் சொல்ல வருகிறது. இப்படி வாசிக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

பியானோ கலைஞர் கீத் ஜாரெட் தன் ஐரோப்பிய நால்வர் குழுவுக்குக் கிறிஸ்டென்சனைத்தான் அழைத்தார். 1974இல் ஓஸ்லோவில் பதிவான ‘பிலாங்கிங்’ அதன் முதல் பலன். அதில் இவர் துள்ளலாகவும் வாசிக்கிறார். மென்மை மட்டுமே இவர் பாணி என்பவர்கள் ‘தி வைண்ட்அப்’பைக் கேட்க வேண்டும்.

இசிஎம் இசைத்தட்டு நிறுவனத்துக்காக எத்தனையோ பேருக்கு வாசித்தார். தன் பெயர் முன்னால் நிற்கும் ஆல்பத்துக்கு அவசரப்படவில்லை. 2005இல் வெளிவந்த ‘செண்டெரோஸ்’ஸில் டீனோ சலூஸியின் பண்டோனியனும் (அக்கார்டியன் போன்ற துருத்திக் கருவி) இவர் டிரம்ஸும் மட்டுமே. கிறிஸ்டென்சன் 2020இல் மறைந்தார். இவரை அறியாதவர்களுக்கு நான் முதலில் தருவது ‘ஓஷியானஸ்’தான்.