அறுபடும் தாய்வழி: புதுச்சேரிப் பிரெஞ்சுக் குடும்பங்களின் கொடிவழியும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும்

புதுச்சேரியில் குடியேறிய தொடக்கக்காலப் பிரெஞ்சுக் குடும்பங்களின் கொடிவழியை வரைவோர்க்கு முதன்மைச் சான்றாக அமைபவை தேவாலயப் பதிவேடுகளே. 1676 முதல் 1735 வரையிலான பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளின் சுருக்கத்தைப் பிரெஞ்சிந்திய ஆளுநராக இருந்த அல்பிரெட் மார்த்தினோ தொகுத்து வெளியிட்டார். நாள், பெயர், பெற்றோர் ஆகியவற்றை அறிய இதனினும் உறுதியான சான்று அரிது. எனினும், இவற்றைக் கொண்டு வரையப்படும் கொடிவழிகள் குடும்பப்பெயரைப் பின்தொடர்ந்தே செல்கின்றன. ஆதலால் தந்தைவழி பிரான்சு வரை நீள, தாய்வழி ஓரிரு தலைமுறையில் அறுந்துவிடுகிறது.

இக்குறை ழான் அல்பேரின் குடும்பத்தில் தெளிவாகப் புலப்படுகிறது. 1706இல் புதுச்சேரியில் பிறந்த இவரின் தந்தை பிரெஞ்சுக் கும்பினியின் மருத்துவர். தாய் ரோசா தெ காஸ்த்ரோ போர்த்துக்கீசிய இந்தியக் கலப்பு மரபினர். ழான் 1719இல் ழாக் வென்சானை மணந்தார்; அவர் இறந்தபின் 1741இல் துய்ப்ளேயை மணந்து ‘மதாம் துய்ப்ளே’ ஆனார். வென்சானுக்குப் பிறந்த மகளொருத்தி கும்பினி அதிகாரி துவால் எப்ரெமெனிலுக்கு வாழ்க்கைப்பட்டார். அவர்தம் மகன் ழான் ழாக் 1745இல் புதுச்சேரியில் பிறந்து, பாரிசு நீதிமன்றத்தில் பெயர்பெற்று, பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794இல் கில்லட்டினுக்கு இரையானார். அல்பேர், வென்சான், எப்ரெமெனில் எனத் தலைமுறைதோறும் குடும்பப்பெயர் மாறுகிறது. எப்ரெமெனில் என்னும் பெயரை மட்டும் பற்றிச் செல்பவர் நார்மண்டியை அடைவார்; ரோசா தெ காஸ்த்ரோவை அடையார். மனைவியர் இன்றிக் கப்பலேறி வந்த கும்பினியார் பலர் சோழமண்டலக் கரையிலேயே பெண் கொண்டனர் என்பதை எண்ணினால், இதை ஒரு குடும்பத்தின் தனிக்கதையாகக் கொள்ள இயலாது.

இவ்விடுபடல் நமக்குப் புதிதன்று. கட்டுரையாளரின் விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் கோயில் வரி தலைக்கட்டுக் கணக்கில் வாங்கப்படுகிறது. தலைக்கட்டு என்பது மணமான ஆணைக் கொண்டு எண்ணப்படும் குடும்பம். அப்பட்டியலிலிருந்து ஓர் ஊரின் கொடிவழியை வரைய முற்பட்டால், அவ்வூர்க்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் எவ்வூரினர் என்பது ஒருபோதும் விளங்காது.

பதிவேடு விட்டதை நிரப்பும் சான்றாக, 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைக் கொள்ளலாம். துபாசி என்ற நிலையில் யார் யாருக்கு உறவு, அவ்வுறவால் யாருக்குச் செல்வாக்கு என்பவற்றை அறிவது அவர் தொழிலுக்கே இன்றியமையாததாயிருந்தது. முசே, மதாம் எனச் செவிவழி கேட்டவாறே அவர் எழுதும் பெயர்கள் உறவுகளோடும் உரசல்களோடும் வருகின்றன. ஆயினும் நாட்குறிப்பை நடுநிலைச் சான்றாகக் கொள்ளல் ஆகாது. மதாமின் மீது பிள்ளைக்கு இருந்த கசப்பு, 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட செய்தியை எழுதுமிடத்தில் வெளிப்படையாகவே தெரிகிறது. அக்கசப்புக்குக் காரணம் இருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

தமிழ்த் திறனாய்வு தவறவிட்ட இடமும் இதுவே. நாட்குறிப்பை அடித்தளமாகக் கொண்டு பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ ஆகிய புதினங்களைப் படைத்தார். பின்னது 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதில் மதாம் பெரிதும் பிள்ளையின் கண்வழியே, அதிகார வேட்கையும் பேராசையும் கொண்டவராக வருகிறார். புதினத்திற்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் ஆய்வாளரும் அவரை ‘அந்நியப் பெண்’ என்றே எழுதிக் கடப்பது ஏற்புடையதன்று. அவர் புதுச்சேரியில் பிறந்தவர், தமிழ் அறிந்தவர். துய்ப்ளேயை விடவும் இம்மண்ணோடு தொடர்புடையவர். அவர்தம் ஆதிக்கத்தைக் கண்டிப்பதற்கும் இப்பிறப்புண்மையை ஏற்பதற்கும் முரண் இல்லை.

ஞானஸ்நானப் பதிவுகளில் பெற்றோரோடு ஞானத்தந்தை, ஞானத்தாய் ஆகியோர் பெயர்களும் இடம்பெறுகின்றன. குடும்பப்பெயரை விட்டு, ஞானத்தாயரின் பெயர்களை வரிசைப்படுத்தி, அவற்றை நாட்குறிப்பின் உறவுக் குறிப்புகளோடு ஒப்பிட்டால் அறுந்த தாய்வழிகளுள் சிலவற்றையேனும் மீண்டும் இணைக்க இயலும். பிரெஞ்சும் பதினெட்டாம் நூற்றாண்டுப் பேச்சுத்தமிழும் ஒருங்கே வேண்டும் பணி இது; நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் கொண்டு செய்யத்தக்கதன்று.