பெட்டியைத் திறந்து பார்க்காதவர்கள்

மாப்பசானின் 'நெக்லஸ்' கதையில் தொலைவது நெக்லஸ் மட்டும்தான். அதை வைத்துக் கொடுத்த பெட்டி பத்திரமாக வீட்டில் இருக்கிறது. 1884இல் வெளிவந்த இந்தக் கதையை நம்மில் பலர் பள்ளியிலேயே படித்திருப்போம். ஒரு குமாஸ்தாவின் மனைவி மத்தில்து, விருந்துக்காகத் தோழியிடம் நகை இரவல் வாங்குகிறாள். தொலைக்கிறாள். கடன்பட்டு அதேபோல ஒன்றை வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, பத்து வருடம் உழைத்துக் கடனை அடைக்கிறாள். கடைசியில் தெரிகிறது, இரவல் நகை போலி. 'ஆடம்பரம் அழிவைத் தரும்' என்று ஒரு நீதி எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கிவிடலாம்.

ஆனால் கதையின் நடுவில் ஒரு சின்னக் காட்சி வருகிறது. பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். நகை தொலைந்ததும் கணவனும் மனைவியும் அந்த வெற்றுப் பெட்டியை எடுத்துக்கொண்டு, அதற்குள் பெயர் போட்டிருக்கும் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறார். இந்த நகையை நான் விற்கவில்லை, பெட்டியை மட்டும்தான் கொடுத்திருப்பேன் என்கிறார். கதையின் ரகசியம் அங்கேயே பாதி உடைந்துவிட்டது. ஒரு கடையின் பெட்டிக்குள் வேறெங்கோ வாங்கிய நகை ஏன் இருந்தது? அதை இருவரும் கேட்பதில்லை. அடுத்த கடைக்கு ஓடுகிறார்கள், அதற்கடுத்த கடைக்கு ஓடுகிறார்கள். 40,000 பிராங்க் விலை சொன்ன நகையை 36,000க்கு முடிக்கிறார்கள். திருப்பிக் கொடுக்கும்போது தோழி பெட்டியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மத்தில்துக்கு அதில் நிம்மதி. நகையை மாற்றியது தெரிந்தால் தன்னைத் திருடி என்று நினைத்துவிடுவாளோ என்பதுதான் அவள் பயம்.

கடைசித் திருப்பத்துக்காக மாப்பசானைக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே திருப்பத்தை மலிவான வித்தை என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். ரெண்டு பேருமே கதையின் கடைசி வரியில் நின்றுகொண்டு பேசுகிறார்கள். என் கட்சி வேறு. இது திறந்து பார்க்காத பெட்டியைப் பற்றிய கதை. திருடி என்ற பெயருக்குப் பயந்து ஒருத்தி கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காமல் இருக்கிறாள். அதற்கு அவள் கொடுத்த விலை பத்து வருடம்.

இந்தக் கதையை நான் மறுபடி எடுக்கக் காரணம் ஒரு இயர்பட் கேஸ். தொலைந்தது என்னுடையது இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் பொருளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

இயர்பட்தான் பொருள், கேஸ் வெறும் உறை என்று நினைக்கிறோம். நடைமுறையில் விஷயம் தலைகீழ். 2016இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய முதல் ஏர்பாட்ஸ் ஒரு சார்ஜில் 5 மணி நேரம் ஓடும். கேஸில் வைத்து வைத்து எடுத்தால் 24 மணி நேரத்துக்கு மேல் ஓடும். சீரியல் எண் கேஸ் மூடியின் உள்பக்கம். போனோடு ஜோடி சேர்க்கும் பட்டன் கேஸின் முதுகில். கேஸ் தொலைந்தால் அன்று சாயங்காலத்துக்குள் காதில் மிஞ்சுவது ரெண்டு பிளாஸ்டிக் துண்டுதான். ஆனாலும் தேடும் வசதி முதலில் வந்தது பட்டுக்குத்தான். கேஸ் ஊமை. பட்டை உள்ளே வைத்து மூடிவிட்டால் பட்டும் ஊமை. போனில் எத்தனை தடவை அமுக்கினாலும் சத்தம் வராது. கேஸுக்கே ஒரு ஸ்பீக்கர் வைத்து அதைக் கூவவைக்க 2022 ஆகிவிட்டது, ஏர்பாட்ஸ் ப்ரோவின் இரண்டாம் தலைமுறையில். ஆறு வருடம் உறையை யாரும் தேடவேண்டிய பொருளாகவே நினைக்கவில்லை.

நம் ஊரில் இதைவிடப் பெரிய உறை ஒன்று உண்டு. சிலம்பு. வெளியே பொன், உள்ளே பரல். சிலப்பதிகாரத்தை கற்பின் காவியம், ஊழின் காவியம், நீதியின் காவியம் என்று பலவிதமாகப் படித்திருக்கிறோம். கொஞ்சம் கீழே இறங்கி, தொலைந்த பொருளைத் தேடும் கதையாகவும் படிக்கலாம். அரசியின் சிலம்பு காணாமல் போயிருக்கிறது. எடுத்தவன் அரண்மனைப் பொற்கொல்லன். சந்தேகம் தன்மேல் வருவதற்குள், விற்க ஒரு சிலம்போடு வெளியூர்க்காரன் ஒருவன் அவன் முன்னால் வந்து நிற்கிறான். அரசனிடம் ஒரே ஒரு சாட்சிதான் இருக்கிறது, அதுவும் திருடனின் சாட்சி. அது போதும் என்று தீர்ப்பு வந்துவிடுகிறது.

எனக்கு இதில் அதிகம் உறைப்பது கொலைக்கு முந்தைய காட்சி. காவலர்களில் ஒருவன், இவனைப் பார்த்தால் திருடன் மாதிரி இல்லையே என்று தயங்குகிறான். பொற்கொல்லன் உடனே திருட்டு சாஸ்திரத்தை எடுத்துவிடுகிறான். மந்திரம், மருந்து, சகுனம் என்று திருடர்களுக்கு எட்டு வழிகள் இருக்கின்றனவாம். ஒவ்வொன்றுக்கும் விளக்கம், கூடவே ஒரு பழைய திருட்டுக் கதை. திருடன் மாதிரி இல்லாததே கடைசியில் திருடனின் அடையாளம் ஆகிவிடுகிறது. அப்புறம் குடித்திருந்த ஒருவனின் வாள் போதுமானதாக இருக்கிறது.

கண்ணகி வந்து என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றதும், எங்களுடையது முத்து என்று அரசன் உடனே சொல்கிறான். யோசிக்கவில்லை, யாரையும் கேட்டு வரச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. சிலம்பை உடைத்துப் பார்க்கலாம் என்பது ஒருநாள் முன்னால் யாருக்காவது தோன்றியிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். நெடுஞ்செழியனை நல்லவன், நீதிக்காக உயிர் விட்டவன் என்று பாராட்டுவது நம் வழக்கம். பாராட்டலாம். ஆனால் இளங்கோ அவன் வாயில் 'முத்து' என்ற பதிலை அவ்வளவு சுலபமாக வைத்திருப்பதில் ஒரு கடுமையான விமர்சனம் இருக்கிறது என்று நினைக்கிறேன். விவரம் அவனிடம் இருந்தது. கேள்விதான் இல்லை.

இப்போது அந்த கேஸ். நாங்கள் நாலு பேர் ஒரே ஃபிளாட்டில் வாடகைக்கு இருக்கிறோம். போன வருடம் ஒருவனுடைய கேஸ் காணாமல் போனது, உள்ளே ரெண்டு பட்டும் இருந்தன. போன் மேப்பில் புள்ளி விழுந்தது எங்கள் கட்டடத்தின் மேல் இல்லை, பின்னால் இருக்கும் சந்தின் மேல். எங்கள் வீட்டைக் கூட்டித் துடைக்க வரும் அக்கா அந்தச் சந்தில்தான் குடியிருக்கிறார்.

"பாரு, கரெக்டா அங்கதான் காட்டுது."

"டேய், அந்த அக்கா ரெண்டு வருஷமா வர்றாங்க."

"அமைதியா இருக்கறவங்கதான்டா..."

எட்டு வழிகளில் இது எத்தனையாவது என்று தெரியவில்லை. புள்ளிக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு நேரம் இருந்தது: ஞாயிறு இரவு 10:15. கட்டிலை நகர்த்திப் பாரு, முதல்ல இந்த நேரத்தைப் படி என்று நான் சொன்னேன். பத்து மணி வரைக்கும் அவன் கட்டிலில் படுத்து அதே பட்டில்தான் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தான். அக்கா ஞாயிற்றுக்கிழமை வருவதே இல்லை. மறுநாளிலிருந்து அவன் அறை பூட்டியிருந்தது. "ஏன் தம்பி, இந்த ரூம் கூட்ட வேண்டாமா?" என்று அக்கா கேட்டார். நாலாவது நாள் அவனே பூட்டைத் திறந்துவிட்டுக் குளிக்கப் போனபோது, அவர் கட்டிலை இழுத்துக் கூட்டினார். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் கேஸ் கிடந்தது. எடுத்துத் துடைத்து மேஜையில் வைத்தார். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் ஒரு குரல் சொன்னது: "பயந்துபோய்த் திருப்பி வச்சிட்டாங்க பாரேன்."

அந்தப் புள்ளி எப்படி உண்டாகிறது என்று பார்த்தால் இந்தக் குரலின் அபத்தம் புரியும். பல மாடல்களில் பட் இருக்கும் இடத்தை பட் சொல்வதில்லை. அதற்கு ஜிபிஎஸ் கிடையாது. கடைசியாகத் தொடர்பு அறுந்தபோது நம் போன் எங்கே இருந்ததாக நினைத்ததோ, அதுதான் புள்ளி. நாலு சுவருக்குள் போனின் கணிப்பு பக்கத்துத் தெருவுக்கு நழுவுவது சாதாரணம். எத்தனையாவது மாடி என்பதை அந்தப் புள்ளி சொல்லவும் சொல்லாது. 2019இல் ஆப்பிள் அறிவித்த ஏற்பாட்டில் இன்னொரு சாட்சியும் சேர்ந்தது. தொலைந்த பொருள் அனுப்பும் புளூடூத் சமிக்ஞையை வழியில் போகும் யாரோ ஒருவரின் ஐபோன் கேட்டுக்கொண்டு, தான் இருக்கும் இடத்தைப் பூட்டிய கடிதம் மாதிரி அனுப்பிவைக்கும். அந்த யாரோவுக்கு இது தெரியாது, கம்பெனியாலும் படிக்க முடியாது, உரியவர் மட்டும்தான் பிரிக்கலாம். அழகான ஏற்பாடு, அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் வருவது ஒரு சாட்சியம்தான். பொருள் இங்கே இருக்கிறது என்பது அதன் அர்த்தம் இல்லை. இந்த நேரத்தில், இந்தப் பக்கமாகப் போன ஒருவரின் காதில் விழுந்தது என்பதுதான் அர்த்தம். சாட்சியத்தைத் தீர்ப்பாகப் படிக்கிற வேலையை நாம் செய்கிறோம்.

பொருளைக் கண்டுபிடித்தவரே திருடராவதற்கு இலக்கியத்தில் அருமையான ஒரு காட்சி உண்டு. காளிதாசனின் சாகுந்தலத்தில் ஆறாம் அங்கத்தின் தொடக்கம். சகுந்தலை ஆற்றுத் துறையில் தவறவிட்ட மோதிரம் ஒரு மீனின் வயிற்றில் இருந்து கிடைக்கிறது. மீனவன் அதை விற்க வந்த இடத்தில் காவலர்கள் பிடித்துக் கட்டி அடிக்கிறார்கள், அவன் தொழிலைக் கேலி செய்கிறார்கள். மோதிரத்தைப் பார்த்ததும் அரசனுக்குக் காதல் ஞாபகம் வருகிறது. மீனவனுக்கு மோதிரத்தின் விலையளவு பரிசு வருகிறது. கொல்லத் துடித்த காவலர்களுக்கு அதில் பாதியைக் கொடுத்துவிட்டு, அவர்களோடு சேர்ந்தே கள்ளுக்கடைக்குப் போகிறான். மகாபாரதத்தில் உள்ள சகுந்தலை கதையில் மோதிரமும் இல்லை, மீனவனும் இல்லை. மோதிரம் இல்லாமல் இந்த நாடகம் நடக்காது. ஆனால் கண்டெடுத்தவன் அடி வாங்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. காளிதாசன் அதைத் தனியாக உட்கார்ந்து எழுதியிருக்கிறான். அரசனின் பெரிய மறதிக்குப் பக்கத்தில் மீனவனின் முதுகையும் வைத்திருக்கிறான். நாடகம் அதற்குப் பிறகு மீனவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது என் குறை. பாதிப் பரிசு பறிபோனதைச் சிரிப்பாக்கிக் கடந்துவிடுகிறது. இளங்கோ அப்படிக் கடக்கவிடவில்லை, மதுரையை எரித்தார்.

தேடுவதற்கு நம்மிடம் ரொம்ப நாளாகவே ரெண்டு முறைகள் இருந்திருக்கின்றன. ஒன்று, அரைக்காசு அம்மன். புதுக்கோட்டை திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள். தொண்டைமான்களின் அரைக்காசு நாணயத்தில் இருந்ததால் அந்தப் பெயர். சாவி, கம்மல், ரசீது என்று எது தொலைந்தாலும் அவளுக்கு வெல்லத்தை வேண்டிக்கொள்வார்கள். அந்தோனியாரிடம் போகிறவர்களும் உண்டு. இன்னொன்று, வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பது. முதல் முறையில் கேள்வி 'எங்கே?' ரெண்டாவதில் 'யார்?' அம்மன் யாருடைய பெயரையும் சொல்வதில்லை. வெல்லம் வேண்டிக்கொண்டவர் மனசு கொஞ்சம் நிதானமாகி, பார்த்த இடத்தையே மறுபடி பார்க்கிறார், பொருள் கிடைக்கிறது. மை போட்டுப் பார்க்கும் இடத்தில் ஏற்கெனவே மனசில் இருக்கும் முகம்தான் பெரும்பாலும் தெரியும். அது அனேகமாக வேலைக்கு வந்தவரின் முகமாகவோ, வீட்டுக்கு வந்த ஏழைச் சொந்தக்காரரின் முகமாகவோ இருக்கும்.

போனில் இருக்கும் வசதி அரைக்காசு அம்மனாகத்தான் விற்கப்படுகிறது. நாம் அதை வெற்றிலை மையாகப் பயன்படுத்துகிறோம். பொருளைத் தேட வந்த ஏர்டேக்கை வைத்து ஆட்களைப் பின்தொடர ஆரம்பித்தார்கள். தெரியாத கருவி ஒன்று உங்களோடு நகர்கிறது என்ற எச்சரிக்கையை ஆப்பிளும் கூகுளும் 2024இல் சேர்ந்து கொண்டுவரவேண்டி வந்தது. பின்தொடரப்படுகிறவருக்கு இப்போது ஒரு எச்சரிக்கையாவது வருகிறது. ஒரு புள்ளியால் சந்தேகிக்கப்படுகிறவருக்கு அதுகூட வருவதில்லை. பூட்டிய அறையைப் பார்த்துத்தான் அவர் புரிந்துகொள்ளவேண்டும்.

மாப்பசானில் கேள்வி கேட்காததன் விலையைக் கேட்காதவளே கொடுத்தாள். அந்த வகையில் அது கொஞ்சம் இரக்கமான கதை. சிலம்பில் விலை கொடுத்தது இன்னொருவன். அவனுக்காக உடைத்துக் காட்ட ஒருத்தி அரசவை வரைக்கும் நடந்து வந்தாள், அதுவும் அவன் செத்த பிறகு. எங்கள் அக்காவின் விஷயத்தில் யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அதனால் மறுத்துப் பேச அவருக்கு ஒரு அவைகூடக் கிடைக்கவில்லை. குற்றம் சாட்டப்படாதவர் எப்படிக் குற்றத்திலிருந்து விடுபடுவார்? அந்தக் கேஸ் இப்போது தினமும் சார்ஜ் ஆகிறது, நன்றாகத்தான் பாடுகிறது. அந்த அறையை மட்டும் அவனே கூட்டிக்கொள்கிறான்.